சளிக்கு ஒரு செட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒவ்வாமை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தூசி, மகரந்தம், உணவு என்று எதனால் எல்லாம் வருகிறது என்பதைப் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். ஆனால் மருந்து என்று வந்ததும், ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நாமக்கல் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 22 வருடமாக மருந்தாளுநராக நிற்கிறவள் நான். அந்த ஒரு வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

எங்கள் ஊரில் லாரியும் கோழிப்பண்ணையும்தான் பிழைப்பு. பண்ணையில் இறகும் தீவனத் தூசியும் பறக்கும். விடிந்ததும் பத்துத் தும்மல் போடாமல் வேலை தொடங்காதவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் கடைக்கு வந்து ஆன்டிஹிஸ்டமின் என்று கேட்பதில்லை. "அக்கா, சளிக்கு ஒரு செட் குடுங்க" என்பார்கள். செட் என்றால் அட்டையிலிருந்து வெட்டிக் கவரில் போட்டுத் தருகிற மாத்திரைகள். இல்லாவிட்டால் அரிப்பு மாத்திரை, அலர்ஜி மாத்திரை, அவில், சின்ன மஞ்சள் மாத்திரை. பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்து. பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கப் போடுகிற மாத்திரை, தலைசுற்றலுக்குக் கொடுக்கிற சின்னரிசின், கர்ப்பிணிகளின் வாந்திக்கு மருத்துவர் எழுதுகிற டாக்சிலமின், ஒல்லியாக இருக்கும் பெண்பிள்ளைகளுக்குச் சதை போடும் என்று யாரோ சொல்லி வாங்குகிற சைப்ரோஹெப்டடின் எல்லாமே இந்த வகைதான். இது தெரியாததால், சளிக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று, இருமலுக்கு ஒரு மூடி டானிக் என்று ஒரே ராத்திரியில் மூன்றையும் சாப்பிட்டுவிடுகிறார்கள். மூன்று நோய்க்கு மூன்று மருந்து என்று அவர்கள் கணக்கு. உடம்புக்கோ அது மூன்று மடங்கு தூக்க மருந்து.

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. இது நல்ல மருந்து. மழை விட்ட பிறகு முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி மேலே பட்டு உடம்பெல்லாம் தடித்துப்போய் வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காணாக்கடி என்று பாட்டிமார் சொல்கிற தடிப்பும் அப்படித்தான், நிற்க விடாது, உட்கார விடாது. சரியான மாத்திரை உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் அந்த அரிப்பு அடங்கும்போது அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்ளாத பொருள் பட்டதும் நம் உடம்பிலுள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. மூக்கில் நீர், கண்ணில் உறுத்தல், தோலில் தடிப்பு எல்லாம் அது செய்கிற வேலை. அது போய் உட்கார வேண்டிய இடத்தை இந்த மருந்து முதலில் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே என்றால், மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருப்பதும் இதே ஹிஸ்டமின். குளோர்பெனிரமின், பெனிரமின், பிரோமெத்தசின் மாதிரியான பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்துவிடும். அதனால்தான் தூக்கம். அதோடு அவை வேறொரு வேலையும் செய்யும்: வாயை உலர வைக்கும், மலச்சிக்கல் கொடுக்கும், பார்வையை மங்கலாக்கும், சிறுநீர்ப்பை தசையைத் தளர்த்தும். கடைசியாகச் சொன்னதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அது என்னவென்று புரிந்தது என் மாமனாரிடம்தான்.

மாமாவுக்கு 74 வயது. சிறுநீர் வழியை நெருக்குகிற புராஸ்டேட் சுரப்பி வீக்கம் இருக்கிறது, மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு ஐப்பசி மழையில் சளி பிடித்தது. நான் கடையில் இருந்தேன். அவர் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, வேறொரு கடையில் இரண்டு நாளைக்கு செட் வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு மணிக்குக் குளியலறையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தால், குழாயைத் திறந்து விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று யாரோ சொன்னார்களாம். "ஒண்ணுக்கு வரமாட்டேங்குது அம்மிணி, சாயங்காலத்திலிருந்தே வரல" என்றார். அடிவயிறு கல் மாதிரி இருந்தது. மருத்துவமனையில் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே வந்தது. அவர் சட்டைப்பையில் அந்தக் கவர் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அட்டையிலிருந்து வெட்டிய இரண்டு துண்டு, பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மாத்திரையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன்: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் சேர்ந்தது. முதலாவது காய்ச்சலுக்கு, சரி. இரண்டாவது, சிறுநீர்ப்பை பிழிகிற பிழியைத் தளர்த்துகிறது. மூன்றாவது, சிறுநீர்ப்பையின் வாசலை இறுக்குகிறது. ஏற்கெனவே வழி குறுகிப்போன மனிதருக்கு இரண்டு பக்கமும் அடைப்பு.

அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எத்தனை பெரியவர்களிடம் நான் கேட்காமல் விட்டிருக்கிறேன் என்று அன்று விடியும்வரை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பழைய வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று முதியோர் மருத்துவத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். குழப்பம், தள்ளாட்டம், ராத்திரி எழுந்து போகும்போது விழுவது எல்லாம் வரும். கண்ணில் ஒருவகை நீரழுத்தம் உள்ளவர்களுக்கு அழுத்தம் திடீரென்று ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. பெரியவர் இரண்டு நாளாக ஏதேதோ பேசுகிறார் என்று வீட்டில் பயந்துபோனால், அவர் புதிதாக என்ன மாத்திரை போட்டார் என்பதையும் முதலில் பாருங்கள்.

அடுத்தது லாரிக்காரர்கள். கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போகிற ஒரு தம்பி வாடிக்கையாக வருவார். ஒருநாள் வந்து, "அக்கா, பாலக்காடு பக்கம் காலைல ஆறரைக்கு டயர் மண்ணுல இறங்குன சத்தத்துலதான் முழிச்சேன்" என்றார். கிளீனர் பையன் கத்தியிருக்கிறான். குடிக்கவில்லை, ராத்திரி நன்றாகத் தூங்கியும் இருக்கிறார். தூங்குவதற்கு முன்பு தும்மலுக்கு இரண்டு மாத்திரை. "ராத்திரி போட்டதுதானே, விடிஞ்சா போயிருக்கும்னு நெனச்சேன்." போகாது. குளோர்பெனிரமின் மாதிரி மருந்து மறுநாள் பகலிலும் உடம்பில் இருக்கும். கண் சொக்கவில்லை, நான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று ஓட்டுகிறவருக்கே தோன்றும். ஆனால் பிரேக்கில் கால் போகிற நேரம் தாமதமாகும். அதோடு இரண்டு பெக் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓட்டுநர் என்று தெரிந்தால், தூக்கம் மிகக் குறைவான ஃபெக்சோபெனடின் எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள் என்பேன். அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். செட்ரிசின் நடுத்தரம். பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலரைச் சாய்த்துவிடும். முதல் முறை போடுகிற நாளில் வண்டி எடுக்காமல் இருப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

தூக்கம் வராத மருந்தென்றால் பயமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நான் டிப்ளமா படித்தபோது பாடப்புத்தகத்தில் டெர்பெனடின் இருந்தது. தூக்கம் வராத முதல் ஆன்டிஹிஸ்டமின்களில் ஒன்று. சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துகளோடு சேரும்போது இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கிறது என்று தெரிந்து, 1990களின் கடைசியில் அமெரிக்காவில் அதை விலக்கிவிட்டார்கள். அந்த மருந்து உடம்பில் போய் மாறுகிற வடிவம்தான் இப்போதைய ஃபெக்சோபெனடின். அப்புறம், செட்ரிசின், லெவோசெட்ரிசினை மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டு நிறுத்தும்போது சிலருக்கு, அபூர்வமாகத்தான், கடுமையான அரிப்பு வருகிறது என்று 2025 மே மாதம் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வருடக்கணக்காக ஒரே மாத்திரையை வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் என் கடையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். "நாளைக்கு ட்ரெயின்ல போறோம், பாப்பா அழாம தூங்கறதுக்கு ஏதாவது சிரப் குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. பிரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சை அடக்கிவிடும். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி, 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. பெரியவர்கள் தூங்குவதற்காகப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று, மாத்திரையால் ஆகாத இடம். ஊசி போட்டோ, குளவி கொட்டியோ, கடலை சாப்பிட்டோ உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்து, மயக்கம் வந்தால் அவில் தேடி ஓடாதீர்கள். அங்கே உயிர் காப்பது தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி மட்டும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜி' பட்டியல் என்று ஒன்று உண்டு. பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் பலவும் அதில் இருக்கின்றன. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுவது ஆபத்து என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும். அச்சிடுகிறார்கள், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். அட்டையை வெட்டிக் கொடுத்தால் அதுவும் போச்சு. மாமா வீடு திரும்பிய வாரம் நான் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். 'தூக்கம் வரும். வண்டி ஓட்டாதீர்கள். சிறுநீர்த் தடை உள்ளவர்கள் சொல்லிவிட்டு வாங்குங்கள்.' கவரில் குத்தித்தான் இப்போது கொடுக்கிறேன். முதலில் சிரித்தவர்கள், இப்போது ஸ்டாம்ப் இல்லாவிட்டால் "இது தூக்கம் வராததா அக்கா?" என்று அவர்களே கேட்கிறார்கள்.

இந்த மூன்று வரியை உங்கள் இணைப்பில் மருத்துவப் பக்கத்தில் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட முடியுமா? மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வந்தால், வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன். லாரிப்பட்டறை டீக்கடையிலும் ஒன்று ஒட்டக் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
நாமக்கல் மாவட்டம்.