அந்த போல்ட்டுக்கு வெல்டு வைக்காதே, மாப்பிள்ளை

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பொட்டலம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. தேயிலையை உன் தங்கச்சி எடுத்துக்கொண்டாள், போல்ட்டை நான் எடுத்துக்கொண்டேன். இங்கே எல்லாரும் நலம். மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, வளைகாப்புக்கு நீங்கள் இரண்டு பேரும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். என் தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? வால்பாறைக் குளிரில் கம்பளிச் சுற்று இல்லாமல் விடாதே.

இனி ஜீப்பு விஷயம். மரை போன போல்ட்டைச் சேஸிஸோடு சேர்த்து வெல்டு வைத்துவிடலாம் என்று அங்கே பட்டறையில் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். அது என்ஜினைச் சேஸிஸோடு பிடித்து வைக்கிற மவுண்டிங் போல்ட்டு. மவுண்டிங் ரப்பர் என்றைக்காவது தேயும், மாற்றத்தான் வேண்டும். அன்றைக்குக் கேஸ் கட்டர் வைத்துச் சேஸிஸையே அறுக்க வேண்டிவரும். அது மட்டுமில்லை, இந்த மாதிரி போல்ட்டெல்லாம் சூடேற்றிப் பதப்படுத்தியது. வெல்டு சூடு பட்டதும் அந்தப் பதம் போய்விடும். அப்புறம் அது வெறும் கம்பி. ஆழியாறிலிருந்து உன் வீட்டுக்கு 40 கொண்டை ஊசி வளைவு, அதை நம்பி என்னால் உன்னை அனுப்ப முடியாது.

போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்துப் பார்த்தேன். மரைப் பள்ளத்துக்குள் மெல்லிசாக ஒரு சுருள், பேனா ஸ்பிரிங் மாதிரி. ஊசியால் நெம்பியதும் மூன்று சுற்று ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அது போல்ட்டின் மரை இல்லை, சேஸிஸுக்குள் இருக்கிற நட்டின் மரை உரிந்து வந்தது. போல்ட்டு மரையின் உச்சியில் மட்டும் வெள்ளிக்கோடு போல ஒரு பளபளப்பு, அதற்குக் கீழே பழைய கறுப்பு அப்படியே இருந்தது. முழு ஆழத்துக்கு அது என்றைக்குமே கடித்ததில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மரை இடைவெளி அளக்கிற பல் தகடு, அதுதான் மரை கேஜ், வைத்துப் பார்த்தேன். கண்ணில் புரை தொடங்கியிருப்பதால் பேத்திதான் பின்னாலிருந்து டார்ச் பிடித்து, வெளிச்சம் எந்தப் பல்லில் கசியவில்லை என்று சொன்னாள். மரைக்கு மரை இடைவெளி 1.25 எம்எம். வெர்னியரில் விட்டம் 12 எம்எம். ஆனால் மற்ற மூன்று போல்ட்டும் அரை அங்குலம், யூஎன்எஃப் (அங்குலக் கணக்கு நெருக்க மரை), அங்குலத்துக்கு 20 மரை என்று நீயே எழுதியிருக்கிறாய். அங்கேதான் சங்கதி இருக்கிறது. அங்குலத்துக்கு 20 என்றால் ஒரு மரைக்கு 1.27 எம்எம். உன் போல்ட்டில் 1.25. அந்த 0.02 வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, போல்ட்டு தடையில்லாமல் ஏறும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 எம்எம். 12 எம்எம் போல்ட்டைப் போட்டால் பக்கத்துக்கு 0.35 எம்எம் எட்டாமல் நிற்கும். பாதி மரைகூடப் பிடிக்காது. ஸ்பேனரில் இறுக்கினால் இறுகினது போலவே இருக்கும், டீசல் என்ஜினின் உதறலில் கொஞ்சம் கொஞ்சமாக உரியும். பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் ஏற்றியபோதோ, அதற்குப் பிறகோ, யாரோ கைக்கு வந்த போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், அதை ஓட்டுகிறவன் நீ. எனக்கு அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

சரிசெய்ய என்ன வழி என்று இரண்டு நாளாக யோசித்தேன். டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டுகிற கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்வது நடக்காது, சுத்தம் செய்ய அங்கே மரையே இல்லை. 14 எம்எம்முக்குப் பெரிதாக்கலாம். அப்படிச் செய்தால் என்ஜினைத் தாங்குகிற பிராக்கெட்டின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும், நாளைக்கு வேறொருவர் நான்கும் ஒன்றுதான் என்று நினைத்து மறுபடி தப்பான போல்ட்டைப் போடுவார். ஹெலிகாயில், அதாவது ஓட்டைக்குள் திருகி வைக்கிற கம்பிச் சுருள் மரை, நல்ல வைத்தியம்தான், அலுமினியத்தில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் உன் சேஸிஸுக்குள் வெல்டு வைத்திருப்பது சாதா நட்டு, கனம் 11 எம்எம்தான். அந்த வெல்டு எந்த நிலையில் இருக்கிறதென்று பெட்டி மாதிரி மூடின சேஸிஸுக்குள் கை விட்டுப் பார்க்கவும் வழியில்லை. பார்க்க முடியாத ஒன்றின் மேல் நான் புது மரை போட மாட்டேன்.

ஆகவே புஷ்தான், அதாவது நடுவில் துளையுள்ள உருளை. 22 எம்எம் எம்.எஸ். (சாதா எஃகு) ராடில் கடைந்து, சேஸிஸ் பெட்டியின் இரண்டு பக்கத் தகட்டுக்கும் குறுக்கே போகிற நீளத்தில் ஒன்று. 11.5 எம்எம்மில் துளை போட்டு, முகப்பிலிருந்து 25 எம்எம் ஆழத்துக்கு லேத்திலேயே மரை வெட்டுகிறேன், அப்போதுதான் கோணாது. மீதி நீளத்தை 13 எம்எம்முக்கு அகலப்படுத்திவிடுவேன். இரண்டு முனையிலும் சுற்றி வெல்டு வைத்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பெட்டி நசுங்காது, அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஓட்டை பக்கத் தகட்டின் நடுவில் இருப்பதால் பயமில்லை. மேல் தகடு, கீழ்த் தகடு என்றால் இந்த யோசனையையே எடுத்திருக்க மாட்டேன், பளுவெல்லாம் அங்கேதான் வரும்.

முதலில் மற்ற மூன்று போல்ட்டில் பிராக்கெட்டை மாட்டி, நாலாவதைப் புது புஷ்ஷில் திருகி, அந்த நிலையிலேயே நான்கு இடத்தில் பொட்டு வெல்டு வைக்க வேண்டும். பிறகு பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு முழு வெல்டு. தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்ற யாரையும் விடாதே. ஆறினதும் முகப்பைப் பிராக்கெட் படிகிற மாதிரி அரைத்துவிட்டு, மரையைச் சுத்தம் செய்ய நான் கையாலேயே டேப் விடுகிறேன். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். ஐடிஐ-யில் நீ டேப்பை உடைத்த அன்று மாஸ்டர் திட்டாமல், நம் இரண்டு பேர் கையையும் பிடித்து அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாரே, இன்றைக்கும் டேப் கைப்பிடியைத் தொட்டாலே அவர் உள்ளங்கைச் சூடு ஞாபகம் வருகிறது.

எனக்கு ஒரே ஒரு அளவு வேண்டும்: அந்த இடத்தில் சேஸிஸ் பெட்டியின் வெளி அகலம். துருவையும் பெயிண்டையும் சுரண்டிவிட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் அளந்து போனில் சொல். அதுவரை வண்டியை எடுக்காதே. ஒரு பக்கம் மவுண்டிங் விட்டால் என்ஜின் சாயும், ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி வழியாக வருகிறேன். புஷ், அரை அங்குல டேப் செட், நான்கு புது போல்ட்டு எல்லாம் என் பையில் இருக்கும். நீ சனிக்கிழமையே டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கிற டீசல் டாங்கைக் கழற்றித் தூரமாக வைத்துவிடு, பேட்டரி வயரையும் எடுத்துவிடு. வெல்டிங்காரரிடம் பத்து மணிக்கு வரச் சொல். மழை வந்தால் வேலை நடக்காது, ஒரு தார்ப்பாய் தேடி வை.

அன்புடன்,
உன் மச்சான்