மகளுக்கு, சிகிச்சை முடிந்த பின்

அன்பு மகளுக்கு,

கல்லீரல் கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து, தொலைபேசியில் என் பசியையும் தூக்கத்தையும் மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். வேலை மிகுதி என்கிறாய், இருக்கலாம். பசி பரவாயில்லை, களைப்புதான் இன்னும் தீரவில்லை. அது சில வாரங்கள் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"இந்த வயதில் அப்பாவை எதற்கு வாட்ட வேண்டும்?" என்று அண்ணன் கேட்டபோது, வயதைப் பார்க்காதே, கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார் என்று வாதாடியவள் நீ. இரத்தத்திலுள்ள பிலிருபின், ஆல்புமின் அளவுகள், இரத்தம் உறையும் வேகம், வயிற்றில் நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தையும் வைத்துப் போடும் சைல்டு-பியூ மதிப்பெண்ணில் நான் ஏ பிரிவில், அதாவது கல்லீரல் நன்றாக வேலை செய்பவர்களின் பிரிவில் இருக்கிறேன் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவளும் நீதான். அறுவை சிகிச்சையை என் இதயம் தாங்காது என்று ஆன பின், கத்தி படாத வழி உண்டா என்று நீ விடாமல் கேட்டதை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிக் கேட்கத் தெரிந்தவள் இப்போது எதையோ கேட்காமல் மனத்துக்குள் வைத்திருக்கிறாய்.

சிகிச்சையின்போது, உடலின் வடிவுக்கேற்ப இறுகும் மெத்தையில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் ஓரிரு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்வதால், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் குரல் கேட்டு நான் அடக்கிக்கொண்டிருக்கும் சில நொடிகளில் மட்டுமே கதிரைச் செலுத்தினார்கள். கல்லீரல் முழுவதிலும் பட்டால் ஏறத்தாழ 30 கிரேக்கு (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) மேல் தாங்காது என்பதால் முன்பெல்லாம் இந்த உறுப்பைத் தொடவே தயங்குவார்களாம். இப்போது பல கோணங்களிலிருந்து கட்டியின் மேல் குவித்து, பெரும்பாலும் 3 முதல் 5 அமர்வுகளில் 30 முதல் 50 கிரே வரை கொடுத்துவிட முடிகிறது.

அந்தக் கதிர் உடலில் தங்குவதில்லை. விளக்கை அணைத்தால் வெளிச்சம் போய்விடுவது போலத்தான். இரத்தக்குழாய் வழியாக யிட்ரியம்-90 என்ற கதிர்வீசும் பொருள் கொண்ட நுண்மணிகளைக் கல்லீரலுக்குள் செலுத்தும் சிகிச்சை வேறு. அதற்குப் பின் சில நாட்கள் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிக அருகில் இருக்க வேண்டாம் என்பார்கள். எனக்குச் செய்தது அதுவன்று. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவது படித்தவர்களுக்கும் நேர்வதுதான். பள்ளி விடுமுறை வந்து போயிற்று, பேத்தி வரவில்லை. நீ காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் ஸ்கேனில் கட்டி அப்படியே இருப்பதுபோல் தெரிந்தாலும் பதறாதே. அது செத்துச் சுருங்க மாதங்கள் ஆகும். கதிரால் கல்லீரலே பழுதுபடும் அபாயம் முதல் மூன்று நான்கு மாதங்களில் இருப்பதால், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், என் வயதைப் பார்க்காதே, அந்த அளவுகளைப் பார். முடிவைக் கேட்கப் போகும் நாளில் நீ உடன் இருந்தால், நான் மறந்ததையும் கேட்டுவிடுவாய். பேத்தியை யாரிடம் விட்டுவருவது என்று யோசிக்காமல் அவளையும் அழைத்து வா. என்னிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், வருவதற்கு முன் மருத்துவரிடமே கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா