துக்ளக்காபாத் கல்லறையின் சாய்ந்த சுவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த தில்லிக் கல்லறைகள் பற்றிய கட்டுரை, ஹுமாயூன் கல்லறையை விரிவாக வருணித்துவிட்டு, துக்ளக்காபாத்தில் உள்ள தில்லி சுல்தான் கியாசுதீன் துக்ளக்கின் கல்லறையை 'அழகற்ற முரட்டுக் கட்டடம்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. படத்தின் கீழே 1351 என்ற ஆண்டும் தவறாக அச்சாகியிருந்தது. அது அவருடைய மகன் முகம்மது பின் துக்ளக், சிந்துப் பகுதியில் தட்டாவுக்கு அருகே இறந்த ஆண்டு. கியாசுதீன் இறந்தது 1325இல். அவரை வரவேற்க எழுப்பிய மரமண்டபம் சரிந்து விழுந்ததில். மகனின் சூழ்ச்சி என்று பயணி இப்னு பதூதாவும், இடி விழுந்தது என்று வரலாற்றாசிரியர் பரணியும் எழுதி வைத்த வழக்கு அது.

அந்த முரட்டுத் தோற்றத்துக்குக் காரணம், ஏறத்தாழ 75 பாகைக் கோணத்தில் உள்நோக்கிச் சாய்ந்து எழும் சுவர்கள். அரியணை ஏறுமுன் கியாசுதீன் தீபால்பூரின் ஆளுநராக இருந்து மங்கோலியப் படைகளை எதிர்த்து நின்றவர். அந்தப் பஞ்சாப், முல்தான் வட்டாரத்தில் செங்கல் சுவர்களை அடியில் பெருக்கி, மேலே போகப் போகச் சிறுக்கிக் கட்டுவது வழக்கம். முல்தானில் ருக்னே ஆலம் கல்லறையில் இதை இன்றும் காணலாம். செங்கல்லுக்கு வலுச்சேர்க்கப் பிறந்த சாய்வை, அவ்வளவாக அது தேவைப்படாத சிவப்பு மணற்கல் கட்டடத்திலும் தில்லிக் கொத்தர்கள் கையாண்டிருக்கிறார்கள்.

வாயில்களில் கூர்நுனி வளைவுக்குக் கீழே கல் உத்திரமும் குறுக்கே வைக்கப்பட்டிருக்கிறது. வளைவின் மேல் நம்பிக்கை இல்லாததால் என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு; கட்டடப் பொறியாளராக வேலை பார்த்த எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. முந்தைய சுல்தான் இல்துத்மிஷின் கல்லறையில் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்தள்ளி வளைவுபோல் அமைத்தார்கள் என்பது மெய்தான். ஆனால் அவருக்குப் பின் வந்த சுல்தான் பால்பனின் கல்லறையிலேயே ஆப்பு வடிவக் கற்களால் ஆன உண்மையான வளைவு வந்துவிட்டது. 1311இல் கட்டிய அலாய் தர்வாசா என்னும் நுழைவாயிலில் அது முழுத் தேர்ச்சி பெற்றும்விட்டது. அதற்குப் பின் வைத்த உத்திரத்தை அச்சத்தின் அடையாளம் என்பதைவிட, பழகிய கை விட மனமில்லாத மரபு என்பதே பொருந்தும். வெண்பளிங்குக் கும்மட்டத்தின் உச்சியில், வட இந்தியக் கோயில் சிகரங்களில் காணும் ஆமலகம் என்னும் நெல்லிக்கனி வடிவக் கல்லும் கலசமும் அமர்ந்திருப்பதையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

ஒரு காலத்தில் இக்கல்லறை செயற்கை ஏரியின் நடுவே, கொத்தளங்கள் கொண்ட ஐங்கோண மதிலுக்குள் நின்றது. வளைவுகள் தாங்கிய ஒரு பாதை அதைத் துக்ளக்காபாத் கோட்டையோடு இணைத்தது. இன்று ஏரியில் நீரில்லை. மெஹ்ரோலி-பதர்பூர் சாலை அந்தப் பாதையை வெட்டிக்கொண்டு போகிறது. நீங்கள் வெளியிட்ட படம் மிக அருகிலிருந்து எடுக்கப்பட்டதால் இவற்றில் எதுவும் தெரியவில்லை. கோட்டை மதிலிலிருந்து எடுத்த படம் ஒன்றைச் சரியான ஆண்டுடன் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.