நொக்கியா திரும்பி வருமா என்று கேட்டாய்

யாழ்ப்பாணம்
கார்த்திகை, மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை

மச்சான்,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்கு மழைதான் காரணம். மாரி தொடங்கினால் எனக்குச் சீசன் என்று உனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் போகும்போது சட்டைப் பொக்கெற்றுக்குள் நனைந்தது, கிணற்றடியில் விழுந்தது, வாய்க்காலுக்குள் போனது என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுப் போன் வரும். அதில் பாதியை அரிசிக்குள் புதைத்து இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டு வருவார்கள். நேற்று ஒரு அக்கா கொண்டு வந்த போனில் சார்ஜர் குத்துகிற துவாரத்துக்குள் ஒரு குறுணி அரிசி இறுகிப் போய்க் கிடந்தது. ஊசியால் கிளறி எடுத்து அவரிடம் காட்டினேன். "உது மொட்டைக்கறுப்பன் தம்பி, நல்ல அரிசி" என்று சொல்லிச் சிரித்தார். உள்ளே சர்க்கியூட் போர்ட் முழுக்கப் பச்சை பூத்திருந்ததைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

சரி, உன் வீட்டு வழக்குக்கு வருகிறேன். நொக்கியா பெயரில் போன் செய்த அந்தப் பின்லாந்துக் கொம்பனி, எச்எம்டி, இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கும் என்று மகன் சொல்கிறான், நீ இல்லை என்கிறாய், இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் பந்தயம் கட்டிவிட்டு நடுவராக என்னைப் போட்டிருக்கிறீர்கள். அவன் அனுப்பச் சொன்ன விற்பனை வரைபடங்களையும் பார்த்தேன். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை, என் கடைச் சுவர் ஒன்றுதான் தெரியும்.

சுவர் என்றால் கவர் தொங்குகிற சுவர். போன தரம் வந்தபோது அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தாயே, அதுதான். அதில் எந்தப் போனுக்குக் கவர் தொங்குகிறதோ அந்தப் போன்தான் இந்த ஊரில் உயிரோடு இருக்கிறது. சாம்சுங் ஏ வரிசை ஒரு பக்கம் முழுக்க, ரெட்மி இன்னொரு பக்கம், ஐபோனுக்கு நடுவில் நல்ல இடம், மிச்சத்தில் விவோ, ஒப்போ. 2019 வரைக்கும் ஹுவாவிக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்திருந்தேன். இப்போது ஒரு கொக்கிகூட இல்லை. நொக்கியாவுக்கு ஒரேயொரு கொக்கி, அதுவும் கீழ் வரிசையில், கவரின் விளிம்பு மஞ்சளாகிவிட்டது.

புதுப் போன் வாங்க வருகிறவர்கள் கமெரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பார்கள்தான், ஆனால் பெட்டியை மூடிக் காசு எண்ணுவதற்கு முதல் கேட்கிற கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, உடைஞ்சா இதுக்கு டிஸ்பிளே எடுக்கலாமோ?" எடுக்கலாம் என்று நான் தயங்காமல் சொல்லவேண்டும். கொழும்பு புறக்கோட்டையில் மொத்தக் கடைக்காரன் அந்த டிஸ்பிளேயை வைத்திருந்தால்தான் இரவு பஸ்ஸில் பார்சல் போட்டு விடியக் காலையில் என் கைக்கு வரும். ஊரில் ஆயிரம் பேர் அந்தப் போனை வைத்திருந்தால்தான் அவன் வைத்திருப்பான். ஆயிரம் பேர் வாங்கவேண்டுமென்றால் நான் தயங்காமல் சொல்லவேண்டும். இந்த வட்டத்துக்குள் இருந்து ஒருதரம் விழுந்த கொம்பனி திரும்ப உள்ளே நுழைகிறது எவ்வளவு பாடு என்று மகனுக்கு வரைபடத்தில் தெரியாது.

நான் பட்டதையும் சொல்கிறேன். 2018இல் ஒரு முகவர் வந்து, பெயர் வேண்டாம், நல்ல போன், விலையும் மலிவு, கமிஷனும் கூட என்று பேசிப் பதினைந்து போனை என் தலையில் கட்டினார். போன் உண்மையிலேயே நல்லது. ஆறு மாதத்தில் மூன்று பேர் ஸ்கிரீனை உடைத்துக்கொண்டு வந்தார்கள், டிஸ்பிளே கொழும்பிலும் இல்லை, முகவரின் நம்பர் வேலை செய்யவில்லை. அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தபாலதிபர். பேசவேயில்லை, போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு பாதிக் காசைக் கொண்டு போய் வீட்டில் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தத் தெருவால் போகும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறேன்.

இப்போது நொக்கியா. 2003இல் வந்த 1100ஐ நீ மறந்திருக்க மாட்டாய். உலகம் முழுக்க 250 மில்லியனுக்கு மேல் விற்றது என்று பின்னர் வாசித்தேன், நம்பக்கூடியதுதான், எங்கள் ஒழுங்கையில் மட்டும் எத்தனை. தலையில் ஒரு ரோச் லைற், தூசி போகாத கீபாட், அவ்வளவுதான். கரண்ட் இல்லாத ஊருக்கு வேறென்ன வேண்டும். அதன் பற்றரி பிஎல்-5சி, அதே பற்றரிதான் வேறு எத்தனையோ நொக்கியாவுக்குள்ளும். 2007 ஆகஸ்டில் அந்தப் பற்றரியில் ஒரு தொகுதி சூடேறுகிறது என்று தெரிந்ததும், 46 மில்லியன் பற்றரிகளை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று நொக்கியா அறிவித்தது. இரகசியமாக வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அந்த நாளில் ஒரு கொம்பனியின் பெயருக்கு இருந்த மதிப்பு அப்படி வந்தது.

அதே 2007இல் உலகத்தில் விற்ற ஸ்மார்ட்போனில் ஏறக்குறைய பாதி நொக்கியா. அந்த வருடம்தான் ஐபோனும் வந்தது. நொக்கியாவிடம் சிம்பியன் என்ற மென்பொருள் இருந்தது, விரல் வைத்தால் யோசித்து யோசித்து நகரும். 2011 பெப்ரவரியில் அன்ட்ரொயிட் பக்கம் போகாமல் மைக்ரோசொப்டோடு சேர்ந்து விண்டோஸ் போன் செய்யப்போனார்கள். அப்படி வந்த லூமியாவை நான் திறந்து பார்த்திருக்கிறேன், உள்வேலை அவ்வளவு சுத்தம், ஆனால் வாங்கினவன் ஒரு அப் கேட்டால் அது இருக்காது. கடைசியில் போன் பிரிவை மைக்ரோசொப்டே 544 கோடி யூரோவுக்கு மொத்தப் பேரத்தில் வாங்கியது, 2014 ஏப்ரலில் கைமாறியது, அடுத்த வருடமே 7.6 பில்லியன் டொலரை நட்டக் கணக்கில் எழுதிவிட்டு 7,800 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

உன் கனடாக்காரன் பிளக்பெரியின் கதையும் அதேதான். 2010 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது எனக்கு ஒரு பிளக்பெரி போல்ட் கொண்டு வந்து தந்தாய். பிபிஎம் இருக்கு, இனிக் காசில்லாமல் கதைக்கலாம் என்றாய். கதைத்தோம், ஆனால் யாழ்ப்பாணத்தில் எனக்கு பிபிஎம்மில் ஒருத்தரும் இல்லை, நீ மட்டும்தான். உனக்கு நித்திரை வருகிற நேரம் எனக்குக் கடை திறக்கிற நேரம். அப்புறம் 2013 ஜனவரியில் வாட்டர்லூக்காரர், அதுதான் பிளக்பெரிக் கொம்பனி, பிளக்பெரி 10 என்று முழுக்கப் புதிதாக ஒரு மென்பொருளைச் செய்து அதில் இசட்10 என்ற போனை விட்டார்கள். நல்ல போன், இதை நான் சும்மா சொல்லவில்லை, செய்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற அந்த வசதி இன்றைக்கும் ஒழுங்காக ஒருவனிடமும் இல்லை. ஆனால் இன்ஸ்டகிராம் அதற்கு வரவேயில்லை. விற்காமல் குவிந்த போனுக்காக அந்த வருடமே 900 மில்லியன் டொலருக்கு மேல் எழுதித் தள்ளினார்கள். 2016 செப்ரெம்பரில் சொந்தமாகப் போன் செய்வதையே விட்டுவிட்டு மென்பொருளுக்குப் போனார்கள். நல்ல போன் செய்தால் சனம் திரும்ப வரும் என்று மகன் சொல்கிறான் அல்லவா, இசட்10ஐ ஒருதரம் தேடிப் பார்க்கச் சொல்.

ஆனால் ஒருவருமே திரும்பி வரவில்லை என்று நீ சொல்வதும் பிழை, அதில் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஹுவாவியைப் பார். 2019 மே மாதம் அமெரிக்கா தடைப்பட்டியலில் போட்டது, அதற்குப் பிறகு வந்த புதுப் போன்களில் கூகுள் இல்லை. பெட்டியைத் திறந்து கொடுக்கும்போதே "யூடியூப் வேலை செய்யுமோ?" என்று கேட்பார்கள், சுற்றுவழி ஒன்று இருக்கிறது என்று நான் விளக்கத் தொடங்குவேன், அவர்கள் அதற்குள் சாம்சுங் பக்கம் திரும்பிவிடுவார்கள். 2020இன் நடுவில் ஒரு காலாண்டு உலகத்திலேயே முதலாவதாக நின்ற கொம்பனி, அதே வருடம் நவம்பரில் ஹொனர் என்ற தன் மலிவுப் பிராண்டை விற்றுவிட்டது. எல்லாரும் கதை முடிந்தது என்றார்கள். 2023 ஓகஸ்ட் கடைசியில் ஒரு விளம்பரமும் இல்லாமல் மேட் 60 புரோவை விற்பனைக்கு விட்டார்கள், உள்ளே சீனாவிலேயே செய்த சிப். சீனாவில் இடத்தைத் திரும்பப் பிடித்தார்கள். ஆனால் அங்கே கூகுள் முன்னரும் இல்லை, அதனால் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. என் சுவருக்கு அது திரும்பி வரவில்லை.

மொட்டோரோலா இன்னொரு விதம். கூகுள் 12.5 பில்லியன் கொடுத்து வாங்கி, 2014இல் லெனோவோவுக்கு 2.91 பில்லியனுக்கு விற்றது. (காப்புரிமைகளில் பெரும்பகுதியைக் கூகுள் தன்னிடம் வைத்துக்கொண்டது, அதனால் அவ்வளவு நட்டமும் இல்லை.) பிறகு பெரிய ஆட்டம் ஒன்றும் ஆடவில்லை, மலிவான, நேர்மையான போன்களைச் செய்துகொண்டு இருந்தார்கள். 2021இல் எல்ஜி போன் கடையையே சாத்தியது, அமெரிக்காவில் அது விட்ட இடத்துக்குள் மொட்டோரோலா போய் அப்பிள், சாம்சுங்குக்கு அடுத்ததாக உட்கார்ந்துவிட்டது. கெட்டித்தனம் பாதி, பக்கத்துக் கடை பூட்டினது பாதி. எங்கள் வீதியில் எனக்கு வியாபாரம் கூடினதும் அப்படித்தான், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்தபோது பக்கத்தில் இரண்டு கடை பூட்டியது, ஒருவரும் புதுப் போன் வாங்கவில்லை, எல்லாரும் பழையதைத் திருத்தினார்கள். அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

இனி எச்எம்டி. 2016இல் நொக்கியாவின் பழைய ஆட்கள் சேர்ந்து பெயரைப் பத்து வருடத்துக்கு வாங்கித் தொடங்கினார்கள். 3310ஐப் புதிதாகச் செய்து 2017இல் காட்டியபோது உலகமே கைதட்டியது. பழைய போனைப் பார்த்துக் கைதட்டினவன் அடுத்த நாள் போய் சாம்சுங் வாங்கினான், அது தனிக் கதை. 2024இலிருந்து எச்எம்டி என்ற சொந்தப் பெயரிலும் போன் விடுகிறார்கள், 2025 நடுவில் அமெரிக்காவில் கடையைச் சுருக்குகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் உன் பக்கத்துக்குப் புள்ளி.

ஆனால் மச்சான், 2023இல் அவர்கள் ஜி22 என்று ஒரு போன் விட்டார்கள். திருத்துகிறவனை நினைத்துச் செய்த போன். மற்றவனுடைய போனைத் திறக்க நான் சூட்டுத் தட்டில் வைத்துப் பசை இளகும்வரை காத்திருந்து, கிற்றார் வாசிக்கிற பிளாஸ்ரிக் வில்லையால் சுற்றிவரக் கிளப்பி, நடுவில் ஸ்கிரீன் வெடிக்காமல் இருக்க நல்லூர்க் கந்தனைக் கூப்பிடவேண்டும். ஜி22இன் முதுகை நகத்தால் கிளப்பலாம். பற்றரியை வீட்டிலேயே மாற்றலாம், பாகமும் வழிமுறையும் ஐஃபிக்சிற் என்ற போன் திருத்துகிற வெப்தளத்தில் போட்டார்கள். அடுத்த வருடம் வந்த ஸ்கைலைனில் ஒரு ஸ்குரூவைத் திருப்பினால் முதுகு கழரும். வீடியோவில் அதைப் பார்த்து நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன், மனிசி என்ன என்று ஓடி வந்தாள்.

ஆனால் அந்தப் பாகம் ஐஃபிக்சிற்றில் இருக்கிறது, என் பார்சல் வருகிற இரவு பஸ்ஸில் இல்லை. இலகுவாகத் திறக்கிற போனைச் செய்துவிட்டு, உள்ளே போடுகிற சாமானை எனக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். நான் அவர்களின் முதலாளியாக இருந்தால் உலகச் சந்தையில் இத்தனை வீதம் என்கிற கணக்கை ஒரு பக்கம் தூக்கி வைத்துவிட்டு, யாழ்ப்பாணம் மாதிரி இருபது ஊரை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஐந்து பேருக்கு ஒரு பெட்டி டிஸ்பிளேயும் ஒரு பெட்டி பற்றரியும் கடனுக்குக் கொடுத்துப் பார்ப்பேன். "எடுக்கலாமோ" என்று கேட்கிறவரிடம் "இந்தா, லாச்சிக்குள்ளயே இருக்கு" என்று நான் எடுத்துக் காட்டினால், அந்தப் போன் விற்கும். மெதுவாக விற்கும், ஆனால் விற்கும். பழைய பாதிச் சந்தை ஒரு நாளும் திரும்பாது. அதை எதிர்பார்த்துக் காசு போடுகிறவன் மொக்கன், மகன் அப்படிப் போடவில்லை என்று நினைக்கிறேன். பத்தில் ஒரு போன்கூட வேண்டாம், என் சுவரில் ஒரு வரிசை பிடித்தாலே நான் அதை வெற்றி என்பேன்.

ஆகவே பந்தயத்தில் நீ வென்றாய், ஆனால் முழுக்க இல்லை, முக்கால்வாசி. நடுவர் கூலியை இரண்டு பேரும் சேர்ந்து கட்டவேண்டும், நல்ல ஸ்குரூ டிரைவர் செற் ஒன்று, வரும்போது கொண்டு வா, இங்கே விற்கிறது மூன்று மாதத்தில் முனை மழுங்குகிறது.

போன கிழமை கொக்குவிலில் அம்மாவைப் பார்த்தேன், சுகமாக இருக்கிறார், முழங்கால் நோ மட்டும். உன் 1100 இன்னும் அவரிடம்தான். பற்றரி உப்பிப் போயிருந்தது, மாற்றிக் கொடுத்தேன். பிஎல்-5சி இன்றைக்கும் என் கடையில் கிடைக்கிறது தெரியுமா, சின்ன ரேடியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் அதே பற்றரியைப் போடுகிறார்கள். நீ அனுப்பின பெரிய போன் அலுமாரிக்குள் உறையோடு இருக்கிறது. ஏன் பாவிக்கவில்லை என்று கேட்டேன். "உதில ரோச் எங்க கிடக்கெண்டு தேடுறதுக்குள்ள கரண்ட் வந்திடும்" என்றார்.