தங்கச்சிக்கு: அந்த ஊசிக்கு முன்னால்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று போனை வைத்ததிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. மூன்றாவது தடவையும் ஒன்பதாவது வாரத்தில் கருவின் துடிப்பு நின்றுவிட்டது. இப்போது மாப்பிள்ளையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பிரித்து உனக்கு ஊசியாகப் போடலாம் என்கிறார்களாம். "உங்க உடம்பு குழந்தையை ஏத்துக்க மாட்டேங்குது" என்றும் சொன்னார்களாம்.

அந்த ஊசியை நானும் போட்டிருக்கிறேன். நீ அப்போது பத்தாவது. யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்கைத் தோலில் நாலைந்து இடத்தில் போட்டார்கள். கொசு கடித்த மாதிரி தடித்து அரித்தது. அரிக்க அரிக்க எனக்குச் சந்தோஷம், மருந்து வேலை செய்கிறது என்று. அந்தக் கருவும் தங்கவில்லை.

அப்புறம்தான் படித்தேன். 1985-ல் லண்டனில் வந்த ஓர் ஆய்வு, இந்த ஊசி பலன் தருகிறது என்றது. ஆனால் 1999-ல் அமெரிக்கா, கனடாவில் இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். கணவரின் அணுக்களைப் போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்குக் கரு 28 வாரம் தாண்டியது. வெறும் உப்புநீர் போட்டவர்களில் 48 சதவீதம்! 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் இதைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது.

அதற்காக எதிர்ப்பு சக்தியால் கரு போகவே போகாது என்று இல்லை. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று ஒன்று இருக்கிறது. நம் ரத்தத்தில் உருவாகும் சில எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைச் சரியாக வளரவிடாது, ரத்தத்தையும் உறைய வைக்கும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள் என மூன்று பரிசோதனை. பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். வைத்தியம் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும். 1997-ல் வெளியான லண்டன் ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை உயிரோடு பிறந்தது. ஹெப்பாரினும் சேர்த்தவர்களில் 71.

எனக்கு இந்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தரவில்லை. நாலாவதும் போன பிறகு நானே கேட்டு எடுத்தேன். பாசிட்டிவ். தினமும் வயிற்றில் ஊசி, தொப்புளைச் சுற்றி நீலம் நீலமாகக் கன்றிப்போனது. பாப்பா பிறந்தாள்.

உனக்கும் அதுதான் என்று சொல்லவில்லை. குரோமோசோம் கோளாறாகவோ தைராய்டாகவோ இருக்கலாம். ஒரு காரணமும் கிடைக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறகு குழந்தை பெற்றிருக்கிறார்கள். உன் அத்தை சொல்வதைக் காதில் வாங்காதே. நீ படி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ எதுவும் போகவில்லை.

பணம் கட்டிவிடாதே. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பழைய ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாம் ஒரு பையில் எடுத்து வை. டாக்டரிடம் சேர்ந்தே போவோம்.

உன் அக்கா