குதிரையில் தபால் கொண்டுபோனவரைத் தேடும் என் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனாரின் கொள்ளுத்தாத்தா கென்டக்கி மலைப்பக்கம் குதிரையில் தபால் கொண்டுபோனவர், அவர் போனி எக்ஸ்பிரஸ் (அமெரிக்காவில் குதிரை மாற்றி மாற்றித் தபால் கொண்டுபோன தனியார் கம்பெனி) ஆள் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், இதற்கு ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். தபால் துறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே பழைய தபால் வழிகளைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்கிறவன் நான். எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வியை நீ கேட்டிருக்க முடியாது. உன்னைப் போலத் தேடுகிறவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். குடும்பத்துப் பெயர்கள் எதையும் சொல்லப்போவதில்லை.

நீ அனுப்பிய கல்லறைக் கல் படத்தில் பிறந்த ஆண்டு 1858 என்று தெளிவாகவே இருக்கிறது. போனி எக்ஸ்பிரஸ் தொடங்கியது 1860 ஏப்ரல் 3. தந்திக் கம்பி 1861 அக்டோபர் 24 அன்று சால்ட் லேக் நகரத்தில் கிழக்கையும் மேற்கையும் இணைத்தது. இரண்டே நாளில் குதிரைத் தபாலை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். அப்போது அவருக்கு மூன்று வயதுதான். பாதையும் பொருந்தவில்லை. அது மிசூரியின் செயின்ட் ஜோசப்பில் தொடங்கி மேற்கே கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை சுமார் 1,900 மைல் போனது. கென்டக்கி பக்கம் வரவே இல்லை.

ஆக, அவர் போனி எக்ஸ்பிரஸ் ஆள் இல்லை. ஆனால் குதிரையில் தபால் கொண்டுபோனார் என்ற குடும்பப் பேச்சை நான் முழுதாக நம்புகிறேன். அந்தக் காலத்தில் குதிரையில் தபால் போன ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சுமார் பதினெட்டு மாதமே நடந்த ஒரு தனியார் கம்பெனியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதற்கு ஒரு காரணம் பஃபலோ பில் என்ற காட்சிக்காரர். 1883-ல் தொடங்கிய அவருடைய வைல்ட் வெஸ்ட் காட்சியில் போனி எக்ஸ்பிரஸ் ஓட்டத்தையும் நடித்துக் காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போன காட்சி அது. அதைப் பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகள், குதிரையில் தபால் கொண்டுபோன தங்கள் தாத்தாவுக்கும் அந்தப் பெயரையே கொடுத்ததில் என்ன ஆச்சரியம்?

உன் மாமனாரிடம் இதைச் சொல்லத் தயங்காதே. அவருடைய கொள்ளுத்தாத்தா பெரும்பாலும் 'ஸ்டார் ரூட்' தபால்காரராக இருந்திருப்பார். அந்த வேலைக்கு நான் கொடுக்கும் மரியாதை கொஞ்சமல்ல. ரயிலும் படகும் போகாத ஊர்களுக்குத் தபாலை ஒப்பந்த அடிப்படையில் அனுப்ப 1845-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. எதில் கொண்டுபோனாலும் சரி, விரைவு, நிச்சயம், பாதுகாப்பு மூன்றும் இருக்க வேண்டும்; மிகக் குறைந்த தொகை கேட்பவருக்கு அந்தத் தபால் வழி கிடைக்கும். இந்த மூன்று சொற்களையும் திரும்பத் திரும்ப எழுதச் சலித்த குமாஸ்தாக்கள் பதிவேட்டில் மூன்று நட்சத்திரம் போட்டார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஒப்பந்தம் பொதுவாக நாலு வருடத்துக்கு. எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது வரை ஏல விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கும். தவறினால் பணம் பிடிப்பார்கள். ஓடையில் வெள்ளம் வந்தாலும் அதே கிழமை, அதே நேரம்.

சரி, எங்கே தேடுவது? அவருக்குக் கூலி கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது அது. காகிதம் பணத்தின் பின்னால்தான் போகும். போனி எக்ஸ்பிரஸ் கம்பெனியின் கணக்குகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. யார் யார் ஓட்டினார்கள் என்பதற்கு முழுப் பட்டியலே கிடையாது. ஸ்டார் ரூட் அரசாங்க ஒப்பந்தம், அதனால் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் தபால் துறைக்கென்றே ஒரு பெரிய தொகுதி இருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அரசாங்கத்துக்குத் தெரிந்தது காண்ட்ராக்டரைத்தான். ஒரே ஆள் பல வழிகளை ஏலத்தில் எடுத்து, ஒவ்வொன்றையும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் குறைந்த கூலிக்கு விட்டுவிடுவது சாதாரணம். குதிரைமேல் உட்கார்ந்திருந்தவர் பெயர் பல நேரம் வாஷிங்டன் வரை போகவே இல்லை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. அதனால்தான் உன் தேடலை இவ்வளவு அக்கறையோடு பார்க்கிறேன்.

நீ முதலில் பார்க்க வேண்டியது தபால் நிலைய இட அறிக்கைகள். 1837 முதல் 1950 வரை உள்ளவை மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன, மாநிலம், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாக. ஒரு ஊரில் புதிதாகத் தபால் நிலையம் கேட்டாலோ, இருந்ததை இடம் மாற்றினாலோ, அங்குள்ளவர் ஒரு அச்சிட்ட படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். பக்கத்து ஆறு எது, எத்தனை மைல், ஆற்றின் எந்தக் கரை. பக்கத்துத் தபால் நிலையங்கள் எவ்வளவு தூரம். பின்பக்கம் கையால் ஒரு வரைபடமும் கேட்பார்கள். சிலர் ஓடையையும் பாதையையும் ஆசையாக வரைந்திருப்பார்கள், சிலர் இரண்டு கோட்டோடு முடித்திருப்பார்கள். உனக்கு வேண்டியது படிவத்தின் மேல்பாதியில் இருக்கிறது. எந்த எண் வழியில் இந்த ஊர் வருகிறது, எங்கிருந்து எங்கே, வாரத்துக்கு எத்தனை தடவை தபால் வருகிறது, காண்ட்ராக்டர் பெயர் என்ன என்ற கேள்விகள் அங்கே வரும். வழி எண்ணும் காண்ட்ராக்டர் பெயரும் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்த அமெரிக்க அரசின் அலுவலர் பதிவேட்டில், தபால் ஒப்பந்தக்காரர் பகுதியில் அதே பெயரைத் தேடலாம்.

கூடவே போஸ்ட் மாஸ்டர் நியமனப் பதிவேட்டையும் பார். 1832-லிருந்து இருக்கிறது. அதில் தபால் சுமந்தவர் பெயர் வராது. ஆனால் சின்ன ஊர்களில் போஸ்ட் மாஸ்டரும் குதிரைக்காரரும் மாமன் மச்சானாக இருப்பது சகஜம். அவர் மனைவி வீட்டார் பெயர் அங்கே தென்பட்டால் அந்த வழியில்தான் அவர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

எந்தக் கவுண்டி என்பதில் கவனமாக இரு. கிழக்குக் கென்டக்கியில் அவர் காலத்திலேயே புதுக் கவுண்டிகள் பிரிந்தன. லெஸ்லி 1878-ல், நாட் 1884-ல். வீடு நகராமலே கவுண்டி மாறியிருக்கும். பழைய கவுண்டியின் பெயரிலும் தேடு.

சென்சஸைப் பொறுத்தவரை 1880-ல் அவருக்கு 22 வயது. தொழில் என்ற இடத்தில் 'விவசாயி' என்று இருந்தால் மனம் தளராதே. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் தபால் கொண்டுபோய், மற்ற நாள் வயலில் நின்றவர்கள் நிறைய. கணக்கெடுக்க வந்தவர் எதைக் கேட்டாரோ அதை எழுதியிருப்பார். 1890 சென்சஸ் 1921 தீ விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. அவர் குதிரையில் போயிருக்கக்கூடிய வருடங்களும் அந்த ஓட்டையில்தான் விழுகின்றன.

அதை அடைக்க கென்டக்கியில் ஒரு நல்ல வழி இருக்கிறது: வரிப் புத்தகங்கள். 21 வயது ஆன ஆண்களின் பெயர் வருடா வருடம் கவுண்டி வரிப் பட்டியலில் ஏறும். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை என்பதோடு குதிரை எத்தனை, அதன் மதிப்பு என்ன என்பதும் அதில் உண்டு. 1892 வரையுள்ளவை மைக்ரோஃபிலிமில் கிடைக்கின்றன. 1879-லிருந்து வருடம் வருடமாகப் பார்த்துக்கொண்டே வா. நிலமே இல்லாத இளைஞர் பெயருக்கு எதிரே திடீரென்று விலையுள்ள குதிரை ஒன்று வந்தால், அந்த வருடத்தைக் குறித்து வை. அதை மட்டும் வைத்துத் தபால் வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே வருடத்து ஒப்பந்தத்தோடு சேர்ந்தால் கனமான சான்று. அந்தக் குதிரையையே காகிதத்தில் பார்க்கப்போகிறாய் என்று நினைத்தால் எனக்கே பரபரப்பாக இருக்கிறது.

இன்னொரு வாய்ப்பையும் மறந்துவிடாதே. 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் கிராமத்து வீடுகளுக்கு இலவசமாகத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். அது பரவியபோது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. அந்த வேலையில் இருந்திருந்தால் அவர் நேரடி அரசு ஊழியர். ஊழியர் கோப்பு செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும். அங்கே எழுதிக் கேட்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

அவருடையது என்று நீ அனுப்பிய தோல் பை படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போனி எக்ஸ்பிரஸ் பை வேறு மாதிரி. 'மோச்சிலா' என்று ஒரு முழுத் தோல் விரிப்பு, சேணத்தின் மேல் அப்படியே போட்டு அதன்மேல் உட்காருவார்கள். நாலு மூலையிலும் பூட்டுப் போட்ட பெட்டிப் பைகள். குதிரை மாற்றும்போது உருவி அடுத்ததன் மேல் எறிந்துவிடலாம். உன் படத்தில் இருப்பது இரண்டு பக்கமும் தொங்கும், பட்டையும் கொக்கியும் வைத்த சேணப்பை. துறை கொடுத்த தபால் பையை இந்த மாதிரி வீட்டில் வைத்திருக்க முடியாது, அது அரசாங்கச் சொத்து, அதன் சாவியும் போஸ்ட் மாஸ்டர்களிடம்தான் இருக்கும். ஆக இது அவருடைய சொந்தப் பையாக இருக்கும். வழிச் சாப்பாடும் மாற்றுத் துணியும் வைத்திருக்கலாம். எண்ணெய், பாலிஷ் எதுவும் போட்டுத் துடைக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். உள்பக்கத்தையும் தையலையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பெயரோ எழுத்தோ கீறியிருக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒரு காரியம் செய். உன் மாமனாருக்கு எண்பது வயதாகிறது. அவரை உட்காரவைத்து, போனி எக்ஸ்பிரஸ் பேச்சை விட்டுவிட்டு, வேறு மாதிரிக் கேள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போவார் என்று சொல்லிக் கேட்டிருக்கிறார்? இரவு எங்கே தங்குவார்? எந்த ஓடையைத் தாண்ட வேண்டும்? குதிரைக்குப் பெயர் உண்டா? அவர் சொல்லும் இரண்டு ஊர்ப் பெயர்கள் போதும், வழி எண்ணைப் பிடித்துவிடலாம். பேச்சைப் பதிவு செய்துகொள், ஊர்ப் பெயர்களை அவர் உச்சரித்தபடியே எழுது. காண்ட்ராக்டர் பெயர் கிடைத்தவுடன் எனக்கு அனுப்பு. அலுவலர் பதிவேட்டின் பக்கங்களை நான் இங்கிருந்து புரட்டுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா