மேப்ல சிவப்பா இருந்தா உடனே யூரியா மூட்டையைத் தூக்காதீங்க

வணக்கம்ங்க. உங்க சம்பா வயலுக்கு மேல ட்ரோன் விட்டு எடுத்த கலர் மேப் எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்திருக்கும், வந்ததுலேர்ந்து எங்க போன் ஓயல, கேக்குறது ஒண்ணேதான், சிவப்பா இருக்குற எடத்துல எவ்ளோ யூரியா போடணும்னு. அதுக்குத்தான் இந்த மடல்.

நல்லா இருக்குற இலை வெயில்ல இருக்குற சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை நெறைய திருப்பி அனுப்பிடும். எங்க கேமரா ரெண்டையும் தனித்தனியா பிடிக்குது, அகச்சிவப்புலேர்ந்து சிவப்பைக் கழிச்சு ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா வர்றதுதான் என்டிவிஐ. நம்பர் ஏறுனா பச்சை, எறங்குனா சிவப்பு. அது கம்ப்யூட்டர் பூசுற சாயம்ங்க, வயல்ல போய் சிவப்பைத் தேடாதீங்க, ஒருத்தர் தேடிட்டு சண்டைக்கே வந்துட்டார்!

மேப் எங்க கொறைச்சல்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. தழைச்சத்து பத்தாம இருக்கலாம், மேட்டுல தண்ணி ஏறாம இருக்கலாம், நடவு பிந்தி தூர் கட்டாம நடுவுல தண்ணி தெரிஞ்சாலும் நம்பர் எறங்கும். புகையான் வட்ட வட்டமா விழுந்திருந்தா அதுவும் சிவப்புதான், அங்க போய் யூரியாவைக் கொட்டுனா பூச்சி இன்னும் பெருகும், காசும் போச்சு பயிரும் போச்சு.

அதனால அந்த எடத்துல மட்டும் எறங்கி மொதல்ல தூரை வெலக்கி அடித்தண்டைப் பாருங்க, புகையான் அங்கதான் ஒக்காந்திருக்கும். பூச்சி இல்ல, தண்ணியும் சரின்னா இலை வண்ண அட்டையை எடுங்க, அதாவது இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு நம்பர் போட்ட அட்டை. காலைல 8லேர்ந்து 10 மணிக்குள்ள, உங்க நெழல்ல வச்சு, மேல முழுசா விரிஞ்ச இலையா 10 இலை பாருங்க. வெள்ளைப் பொன்னின்னா அட்டையில 3ம் நம்பர், மத்த ரகம்னா 4ம் நம்பர், அதுக்குக் கீழ 6 இலையாவது இருந்தாத்தான் யூரியா.

சாட்டிலைட் படம் சும்மாவே கெடைக்குதே, ஒங்களுக்கு எதுக்குக் காசுன்னும் சிலர் கேக்குறாங்க. நியாயம்தான். சென்டினல்-2 படத்துல 10 மீட்டருக்கு ஒரு புள்ளி, 5 நாளைக்கு ஒரு தடவை வருது, குறுவைக்கு அதையே பாத்துக்கோங்க. ஐப்பசி கார்த்திகையில மேகம் மூடிட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது, ட்ரோன் மேகத்துக்குக் கீழ போகுது, வித்தியாசம் அவ்ளோதான்.

அடுத்த தடவை பொதி கட்டுறதுக்கு, அதாவது கதிர் தண்டுக்குள்ள பொதிஞ்சு நிக்கிறதுக்கு முன்னாடி வர்றோம். பயிர் நல்லா மூடிட்டா எல்லாமே ஒரே பச்சையாத்தான் காட்டும், அதனால தேதியைத் தள்ளிப்போடாதீங்க. ரகம், நடவு தேதி, கடைசியா உரம் போட்ட நாள் மூணையும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.